ஊர் நூலகத்துப் பழைய புத்தகங்களைக் காக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்தால்

சங்கமோ, மன்றமோ, அறக்கட்டளையோ நடத்துகிற சின்ன நூலகத்துக்கு யாராவது ஒருவர் கௌரவச் செயலாளர் ஆகித்தான் தீர வேண்டும். சாவிக்கொத்தையும் பாதியில் நின்றுபோன ஒரு பதிவேட்டையும் கையில் கொடுத்து, "பழைய புத்தகமெல்லாம் வீணாகுது, நீங்கதான் பாத்துக்கணும்" என்பார்கள். எனக்கும் அப்படித்தான் வந்தது. என்ன செய்ய வேண்டும் என்று தேடினால் கிடைப்பவையெல்லாம் குளிர்நாட்டு நூலகங்களுக்கும், ஆய்வுக்கூடம் வைத்திருக்கிற பெரிய நிறுவனங்களுக்கும் எழுதியவை. ஆகவே இது தமிழ்நாட்டில் சில ஆயிரம் புத்தகம், ஒரு ஓட்டுக் கட்டடமோ மொட்டைமாடிக் கட்டடமோ, சம்பளத்துக்கு ஆளில்லாத நிலைமை, இப்படி இருப்பவர்களுக்கு மட்டும். ஓலைச்சுவடி இருந்தால் அது வேறு வித்தை, இங்கே சொல்வதை அதில் செய்து பார்க்காதீர்கள். அதற்குச் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தைக் கேளுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொறுப்பேற்ற எல்லாருக்கும் உடனே தோன்றுவது பைண்டிங். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். கூரை, அலமாரி, உறை, பிறகு பைண்டிங். பணம் இந்த வரிசையில்தான் போக வேண்டும்.

1. பட்டியல் இல்லாமல் ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள்

அக்ஸஷன் ரிஜிஸ்டர் என்று எல்லாரும் சொல்கிற நூலிருப்புப் பதிவேட்டை எடுத்து, ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்து, நூலகத்துக்கு வெளியே ஓரிடத்திலும் இணையத்தில் ஓரிடத்திலும் போட்டு வையுங்கள். ஒரு மத்தியானத்து வேலைதான். நாளைக்கு மானியம், காப்பீடு, தணிக்கை எது வந்தாலும் முதலில் கேட்பது இதைத்தான்.

அப்புறம் இருப்புச் சரிபார்ப்பு. இரண்டு பேர் வேண்டும், ஒருவர் எண்ணைப் படிக்க, ஒருவர் எழுத. கூடவே நிலைமைக்கு ஒரு கட்டம் போட்டு நான்கே குறி வைத்துக்கொள்ளுங்கள்: அ என்றால் நன்றாக இருக்கிறது, ஆ என்றால் அட்டையோ தையலோ விட்டுப்போயிற்று, தாள் நல்ல தாள், இ என்றால் தாளே ஒடிகிறது, ஈ என்றால் உயிருள்ள பூச்சியோ பூஞ்சையோ இருக்கிறது. நான்குக்கு மேல் போனால் புத்தகத்துக்குப் புத்தகம் இரண்டு பேரும் வாதாடிக்கொண்டிருப்பீர்கள். "ஈ" கிடைத்த நிமிடமே அந்தப் புத்தகத்தைத் தனி அறைக்குக் கொண்டுபோய்விடுங்கள், பட்டியல் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

காணாமல் போன புத்தகங்களைப் பார்த்துக் கலங்க வேண்டாம். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017இல் 215ஆம் விதி, ஓர் ஆண்டில் வாசகருக்குப் போய்வருகிற 1000 நூலுக்கு 5 நூல் வரை தொலைவதை, அதில் நேர்மைக்கேடோ கவனக்குறைவோ இல்லாதபட்சத்தில், இயல்பான இழப்பு என்கிறது. 1000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலும், என்ன விலையாக இருந்தாலும் அரிய நூலும் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். 20,000 நூலுக்கு உட்பட்ட நூலகம் ஆண்டுக்கொரு முறை முழுச் சரிபார்ப்பு செய்ய வேண்டும் என்பதும் அதே விதிதான். தனியார் சங்கத்தை இது நேராகக் கட்டாது, ஆனால் பொதுக்குழுவில் யாராவது எகிறினால் காட்டுவதற்கு நல்ல அளவுகோல்.

இங்கே இரண்டு பொறி. பழைய எண்ணை அழித்துப் புதிதாக எண் போடலாம் என்று ஒருவர் கட்டாயம் சொல்வார், கேட்காதீர்கள். நன்கொடையாளர் பெயர், வாங்கிய ஆண்டு எல்லாம் அந்த எண்ணோடுதான் கட்டப்பட்டிருக்கின்றன. இரண்டாவது, கழிவு. செயற்குழுத் தீர்மானமும், எண்வாரியான கழிவுப் பட்டியலும் இல்லாமல் ஒரு புத்தகம்கூட எடைக்குப் போகக் கூடாது. தீர்மானம் போடுவதற்கு முன்பு தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், சென்னைத் தரமணியில் இருக்கிற ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியலிலும் தேடிப் பாருங்கள். அங்கே இல்லாத 1930ஆம் வருஷத்துத் துண்டுப் பிரசுரம் உங்கள் கழிவுக் குவியலில் கிடக்கலாம்.

2. கூரையும் சுவரும்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதனால் கூரை வேலை ஆகஸ்ட், செப்டம்பருக்குள் முடிய வேண்டும். ஜூனிலேயே விலைப்புள்ளி வாங்கினால்தான் அது நடக்கும். மொட்டைமாடியின் தண்ணீர்க் குழாய் வாயில் இலை அடைத்திருக்கிறதா, அலமாரிக்கு மேலே கழிவறைக் குழாயோ தண்ணீர்த் தொட்டியோ இருக்கிறதா, இதெல்லாம் கொத்தனாரைக் கூப்பிடாமலே நீங்களே பார்க்கலாம்.

அலமாரியைச் சுவரில் ஒட்டி நிறுத்தாதீர்கள். வெளிச்சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி வையுங்கள், கீழ்த்தட்டு தரையிலிருந்து 10, 15 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். காற்றும் போகும், கரையான் ஏறினாலும் கண்ணில் படும். மர அலமாரியை விட இரும்பு ரேக் நல்லது, ஆனால் துருப்பிடித்த ரேக்கை வாங்கி வந்து பெயின்ட் அடித்த மறுநாளே அடுக்கிவிடக் கூடாது, பெயின்ட் நெடி முழுக்கப் போகட்டும்.

3. ஈரப்பதம்: ஒரு சின்னக் கருவி வாங்குங்கள்

காற்றின் ஈரப்பதத்தைச் சதவீதத்தில் காட்டுகிற டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் சில நூறு ரூபாய்தான். மலிவுக் கருவி தப்புக் காட்டும் என்ற பயமிருந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம்: சின்ன மூடியில் உப்பைப் போட்டு, கரையாத அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, கருவியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு நாள் மூடி வையுங்கள். 75 சதவீதம் காட்ட வேண்டும். 80 காட்டினால் உங்கள் கருவி 5 கூட்டிச் சொல்கிறது, அவ்வளவுதான், அதைக் கழித்துக்கொண்டு பயன்படுத்துங்கள்.

65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை வரும். நம் கடலோர ஊர்களில் வருஷம் முழுக்க 50க்குக் கொண்டுவருவது நடக்காத காரியம், அதற்காக ஏங்கவும் வேண்டாம். காற்று ஓட்டத்தைக் கூட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும்: மேலே ஃபேன், சுவரில் எக்ஸாஸ்ட், புத்தகங்களை இறுக்கித் திணிக்காத அலமாரி. மழை பெய்யும் நாளில் ஜன்னலை மூடுங்கள், வெயில் நாளில் பகலில் திறங்கள்.

பெரிய பொறி ஏ.சி. யாரோ ஒரு புரவலர் ஏ.சி. வாங்கித் தருவார். நூலகம் திறந்திருக்கிற நான்கு மணி நேரம் அது ஓடும், அப்புறம் அணைத்துவிட்டுப் போவோம், குளிர்ந்த அறைக்குள் இரவில் ஈரக்காற்று புகுந்து சில்லிட்டிருக்கிற அட்டைமேல் படியும். தினமும் இப்படி ஏறி இறங்குவதை விட ஏ.சி.யே இல்லாமல் ஒரே சீராக இருப்பது புத்தகத்துக்கு மேல். 24 மணி நேரமும் ஓட்ட முடியுமா, கரண்ட் பில் யார் கட்டுவார் என்று கேட்டுவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவர் மனம் நோகாமல் அதே பணத்தில் ஈரம் உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர் கேட்டுப் பார்க்கலாம், மழை மாதங்களில் மட்டும் ஓட்டினால் போதும்.

பூஞ்சை வந்துவிட்டதா? என்95 முகக்கவசம், கையுறை போட்டுக்கொண்டு, புத்தகத்தைக் காற்றோட்டமான நிழலுக்குக் கொண்டுபோங்கள். தொட்டால் பிசுபிசுக்கிற பூஞ்சையைத் துடைக்காதீர்கள், தாளுக்குள் இறங்கிவிடும். உலர்ந்து பொடியான பிறகு மென்மையான தூரிகையால் உங்களுக்கு எதிர்ப்பக்கமாகத் தட்டுங்கள். ஈரத்துணி கூடவே கூடாது. ஆஸ்துமா உள்ளவரை இந்த வேலைக்கு விடாதீர்கள்.

4. பூச்சி

கரையானுக்கு ஆள் கூப்பிட்டே ஆக வேண்டும். விலைப்புள்ளி வாங்கும்போது மூன்று விஷயம் எழுத்தில் கேளுங்கள்: என்ன மருந்து, தரையில் எத்தனை இடைவெளியில் துளை போடுவார்கள், எத்தனை வருஷ உத்தரவாதம். கட்டி முடித்த கட்டடத்துக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 6313, மூன்றாம் பகுதி. அந்தப்படி செய்வோம் என்று எழுதித் தருகிறவரிடமே வேலையைக் கொடுங்கள். புத்தகத்தின்மேல் மருந்து அடிக்கக் கூடாது என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் "சும்மா ஒரு ஸ்ப்ரே சார்" என்று இலவசமாகவே அடித்துவிட்டுப் போவார்கள்.

இராமபாணமும் கரப்பானும் வருவது பசைக்கும் இருட்டுக்கும். பெருக்குங்கள், நூலகத்துக்குள் டீ, வடை நிறுத்துங்கள், பாதித் தொல்லை குறைந்துவிடும். குண்டூசி முனை அளவு ஓட்டை போட்டுப் பொடி கொட்டுகிற புழுதான் கஷ்டம். அதற்கு நான் நம்புவது குளிர்ப்பெட்டி. ஐஸ்கிரீம் கடையில் வைத்திருக்கிற மாதிரி டீப் ஃப்ரீசர், பழையது வாங்கினாலும் சரி, மைனஸ் 18, 20 டிகிரிக்குப் போக வேண்டும். வீட்டு ஃபிரிட்ஜின் மேல்தட்டு போதாது. புத்தகத்தைத் தடித்த பாலிதீன் பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி டேப் ஒட்டி, இரண்டு வாரம் உள்ளே. வெளியே எடுத்த பிறகு ஒரு முழு நாள் பையைத் திறக்கக் கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் பைமேல் படிய வேண்டிய தண்ணீர் புத்தகத்தின்மேல் படியும்.

அந்துருண்டை வேண்டாம். ஆள் மூச்சுக்குக் கெடுதல், இருக்கிற பூச்சியைக் கொல்வதும் இல்லை. பச்சை வேப்பிலையை நடுவில் வைப்பதும் ஈரத்தை உள்ளே வைப்பதுதான். வசம்பைப் பொடித்துத் துணியில் முடிந்து தட்டில் வைக்க ஆசைப்பட்டால் வையுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் அதை நம்பிப் பார்வையிடுவதை நிறுத்திவிடாதீர்கள்.

5. தூசி தட்டுவது, அடுக்குவது

தை, மாசி, பங்குனிதான் இதற்குக் காலம். நம் ஊரில் வருஷத்துக்கு ஒருமுறை எல்லாப் புத்தகமும் கீழே இறங்குவது சரஸ்வதி பூஜைக்குத்தான், அது சரியாக மழை தொடங்குகிற நேரம். அன்றைக்குப் பூஜை செய்யுங்கள், யார் வேண்டாமென்றது, ஆனால் சந்தனமும் குங்குமமும் அட்டைமேல் வேண்டாம். ஒரு பலகையில் வெள்ளைத்தாள் போர்த்திப் பொட்டு வைக்கலாம். எண்ணெய்ச் சந்தனக் கறையை எதைக் கொண்டும் எடுக்க முடியாது.

தட்டும்போது புத்தகத்தை மூடியே பிடித்து, மேல் விளிம்பை முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் தூரிகையால் தள்ளுங்கள். அலமாரியிலிருந்து எடுக்கும்போது முதுகின் மேல்நுனியை விரலால் இழுக்கிற பழக்கத்தை வாசகர்களிடம் மாற்றுவது கடினம், முயற்சி செய்யுங்கள். ரப்பர் பேண்ட் உருகி ஒட்டும், குண்டூசியும் ஸ்டேப்பிளும் துருவேறும். மூன்றையும் கழற்றிவிட்டுப் பருத்தி நாடாவால் கட்டுங்கள்.

6. பைண்டிங்: இங்கேதான் அதிகப் புத்தகம் சாகிறது

பைண்டர்மேல் குறை இல்லை. அவர் பழகியது பள்ளிக்கூடப் பதிவேடும் கோர்ட்டுக் கட்டும். நாம் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிந்ததைச் செய்வார்: முதுகை வெட்டுவார், பக்கவாட்டில் ஓட்டை போட்டுத் தைப்பார், மூன்று பக்கமும் மெஷினில் கட்டிங் போடுவார், மயில்துத்தம் கலந்த மைதாப் பசை தடவுவார். முதுகை வெட்டிப் பக்கவாட்டில் தைத்த புத்தகம் விரியாது. விரியாத பழைய தாளை வாசகர் அமுக்கி விரிப்பார். மடங்குகிற இடத்தில் ஒடியும். கட்டிங்கில் ஓரக்குறிப்பும் சில வேளை எழுத்துமே போகும். மயில்துத்தம் பூச்சிக்காகப் போடுவது, ஆனால் அதிலிருக்கிற செம்பு தாளை விரைவாக அரிக்கும்.

ஆகவே "ஆ" குறி போட்டவை மட்டும் பைண்டிங்குக்குப் போகட்டும். "இ" போகவே கூடாது. கொடுக்கும்போது வேலை உத்தரவு எழுதிக் கொடுங்கள், வாய்வார்த்தை வேண்டாம். அதில் இருக்க வேண்டியவை: பாரம் பாரமாக (சேர்த்து மடித்த தாள்கட்டு ஒவ்வொன்றாக) மடிப்பில் தைக்க வேண்டும், முதுகு வெட்டக் கூடாது, கட்டிங் கிடையாது, பசை கோதுமை மாவில் அன்றன்றைக்குக் காய்ச்சியது, துத்தம் சேர்க்காதது, பழைய அட்டை, விளம்பரப் பக்கம், நன்கொடைச் சீட்டு எதையும் எறியாமல் உள்ளே வைத்துத் தைக்க வேண்டும், முதுகுக்குக் காலிகோ துணி, ரெக்சின் வேண்டாம். இப்படிக் கேட்டால் கூலி ஏறக்குறைய இரட்டிப்பாகும், நேரமும் இழுக்கும். பரவாயில்லை. முதலில் பத்துப் புத்தகம் மட்டும் கொடுத்துப் பாருங்கள், திரும்பி வந்ததை மேசைமேல் வைத்துத் திறந்து, கையை எடுத்தாலும் விரிந்தபடி நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த கட்டைக் கொடுங்கள். எண்வாரியான பட்டியலில் கையெழுத்து வாங்காமல் ஒரு கட்டும் வெளியே போகக் கூடாது.

செலோடேப் ஒட்டாதீர்கள். ஒட்டியதை உரிக்கவும் முயலாதீர்கள். லாமினேஷன் செய்து தருகிறேன் என்று வருகிறவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள், சூடாக்கி ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாள் சேதமாகாமல் பிரிக்க வழி கிடையாது. கிழிசல் ஒட்டக் கோதுமைப் பசையும் மெல்லிய ஜப்பானியத் தாளும் போதும், ஆனால் ஒருவர் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பழகாமல் நல்ல புத்தகத்தில் கை வைக்க வேண்டாம்.

7. ஒடிகிற தாள்

போன நூற்றாண்டின் மலிவுப் பதிப்புகள் மரக்கூழ்த் தாளில் அடித்தவை, அமிலம் உள்ளேயே இருக்கிறது. மூலையை ஒரு முறை முன்னும் பின்னும் மடித்தாலே கையோடு வந்துவிடும். (இந்தச் சோதனையை எழுத்தில்லாத மூலையில், ஒரே ஒரு தாளில் செய்யுங்கள்.) இதை ரிப்பேர் செய்து வாசகர் கையில் கொடுக்கிற நிலைக்குக் கொண்டுவருவது நம் பட்ஜெட்டில் முடியாது. நம்மால் முடிந்தது உறை. அமிலமில்லாத அட்டையில் நான்கு மடிப்பு உறை செய்து, நாடா கட்டி, படுக்க வைத்துவிடுங்கள். அந்த அட்டை கிடைக்காவிட்டால் பருத்தியில் செய்த கைத்தயாரிப்புத் தாள், வெளுத்துத் துவைத்த கஞ்சியில்லாத பருத்தித் துணி. பழுப்பு நிறச் சாதா அட்டைப்பெட்டியில் வைப்பது அமிலத்தைக் கூட்டுவதுதான். உறையில் போனதை இரவல் தருவதை நிறுத்துங்கள், அடுத்த படியில் ஸ்கேன் செய்து அதைக் காட்டுங்கள்.

8. ஸ்கேன்

பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு நமக்குச் சாதகம். வணிக நோக்கமில்லாத பொது நூலகம், தன்னிடம் அச்சுப் பிரதி இருக்கிற நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமித்து வைக்கலாம். ஆனால் அதை இணையத்தில் ஏற்றுவது வேறு. ஆசிரியர் இறந்த வருஷம் முடிந்து 60 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். 1960இல் இறந்தவர் என்றால் 2021 ஜனவரியிலிருந்து தடையில்லை. தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியவை பற்றிக் கவலையே வேண்டாம்.

தட்டையான சாதா ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தாதீர்கள். மேலிருந்து படமெடுக்கிற கருவி, அல்லது ஸ்டாண்டில் கேமரா. குறைந்தது 300 டி.பி.ஐ., வண்ணத்தில், மூலக்கோப்பு டிஃப் (TIFF) வடிவில். இலவசமாக ஸ்கேன் செய்து தருகிறோம் என்று வருகிறவர்களிடம் எழுத்து ஒப்பந்தம் போடுங்கள்: புத்தகம் கட்டடத்தை விட்டு வெளியே போகுமா, முதுகை வெட்டுவார்களா, மூலக்கோப்பின் ஒரு பிரதி நமக்கு எந்தத் தேதிக்குள் வரும். கேட்காமல் கொடுத்த கட்டு ஒன்று எங்களுக்குத் தனித்தனித் தாளாகத் திரும்பி வந்தது.

9. பணம் கேட்பது

கொல்கத்தாவில் இருக்கிற ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை, மத்திய பண்பாட்டு அமைச்சகத்தின் கீழ் வருவது, தொண்டு அமைப்புகள் நடத்தும் பொது நூலகங்களுக்கும் உதவித் திட்டம் வைத்திருக்கிறது. அரிய நூல், சுவடிப் பாதுகாப்புக்கு என்று தேசிய ஆவணக் காப்பகமும் நிதி உதவித் திட்டம் நடத்தியிருக்கிறது. திட்டம், தொகை, கடைசித் தேதி எல்லாம் மாறும், ஆகவே விண்ணப்பிக்கும் மாதத்தில் அவர்கள் தளத்தில் இருக்கிற விதிமுறையை மட்டும் நம்புங்கள், முந்தைய செயலாளர் வைத்துவிட்டுப் போன படிவத்தை அல்ல.

மாறாதது காகிதங்கள்தான். சங்கப் பதிவுச் சான்று, துணைவிதி, மாவட்டப் பதிவாளரிடம் ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்ததற்கு அத்தாட்சி, மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை, சங்கப் பெயரில் பான், வங்கிக் கணக்கு, என்.ஜி.ஓ. தர்பண் எண் (தொண்டு அமைப்புகளுக்கான மத்திய அரசுத் தளத்தில் பதிந்தால் கிடைப்பது), கட்டடப் பத்திரமோ குத்தகை ஒப்பந்தமோ, செயற்குழுத் தீர்மானம், விலைப்புள்ளிகள், அப்புறம் அந்த நிலைமைப் பட்டியல். இதில் எல்லாரும் மாட்டுவது பதிவாளர் அலுவலகத்தில்தான். பல சங்கங்கள் பல வருஷமாகக் கணக்கே தாக்கல் செய்திருக்காது. அபராதம் கட்டிச் சரிசெய்யச் சில மாதம் போகும். துணைவிதியில் இருக்கிற பெயருக்கும் பான் அட்டையில் இருக்கிற பெயருக்கும் ஓர் எழுத்து வித்தியாசம் இருந்தாலும் திருப்பி அனுப்புவார்கள். "மன்றம்" ஓரிடத்தில், "சங்கம்" ஓரிடத்தில் இருந்து நாங்கள் பட்ட பாடு தனிக்கதை.

பணம் வரும் என்று நம்பி முன்கூட்டியே வேலையைத் தொடங்காதீர்கள், ஒப்புதலுக்கு முந்தைய தேதியிட்ட பில்லைச் சேர்ப்பது கடினம். வந்தால் தனிக் கணக்கில் வையுங்கள். முன்பு சொன்ன பொது நிதி விதிகளின் (ஜி.எஃப்.ஆர்.) 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தாக வேண்டும், அது கொடுக்காதவருக்கு அடுத்த மானியம் கிடையாது.

காப்பீடும் இந்தச் செலவிலேயே சேரட்டும். சாதாரணத் தீ விபத்துப் பாலிசியில் கையெழுத்துப் பிரதிகளும் ஆவணங்களும் தனியாக எழுதிச் சேர்த்தால் ஒழிய அடங்காது. பாலிசியை வாங்கும் முன் அந்த விலக்குப் பகுதியைப் படியுங்கள், முகவர் சொல்வதை அல்ல.

10. தண்ணீர் புகுந்துவிட்டால்

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதைப் பார்த்த பிறகு, எங்கள் தெருவில் தண்ணீர் நிற்காது என்று யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை.

முதலில் மெயின் சுவிட்ச். பிறகு நேரம்: 48 மணி நேரம் தாண்டினால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது, அதனால் எதை முதலில் எடுப்பது என்ற பட்டியலை இப்போதே எழுதிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். கடையில் மறுபடி வாங்கக் கிடைப்பது கடைசி.

நனைந்த புத்தகத்தைத் திறக்காதீர்கள், வெயிலில் போடாதீர்கள். சேறு இருந்தால் மூடியபடியே நல்ல தண்ணீரில் அலசுங்கள். கொஞ்சம் ஈரமானவற்றை நிற்க வைத்து லேசாக விரித்து, ஃபேனை நேராகக் காட்டாமல் அறைக் காற்று சுழலும்படி வைத்து, அச்சகத்தில் கிடைக்கிற அச்சடிக்காத வெள்ளைத்தாளை இடையிடையே செருகி, அது நனைய நனைய மாற்றுங்கள். படம் போட்ட வழவழப்புத் தாள் காய்ந்தால் செங்கல்லாக ஒட்டிக்கொள்ளும், அதை ஈரமாக இருக்கும்போதே உறைய வைப்பதுதான் வழி. முழுக்க ஊறியவையும் அப்படியே. பால் கொண்டுவருகிற பிளாஸ்டிக் கிரேட்டில் முதுகு கீழே இருக்கும்படி, இறுக்காமல் அடுக்கிக் குளிர்சாதனக் கிடங்குக்கு அனுப்புங்கள். மீன் ஏற்றுமதிக் கிடங்கோ ஐஸ்கிரீம் கிடங்கோ மைனஸ் 18க்குப் போகும். காய்கறிக் கிடங்கு அவ்வளவு போகாது, ஆனால் அதுவும் பூஞ்சையைத் தாமதப்படுத்தும். யாரிடம் இடம் கிடைக்கும், வாடகை என்ன என்று செப்டம்பரிலேயே பேசி வையுங்கள், வெள்ள நாளில் யாரும் போன் எடுக்க மாட்டார்கள்.

காய்ந்த புத்தகத்தை உடனே ரேக்கில் ஏற்ற வேண்டாம். ஒரு மாதமாவது தனி அறையில் வைத்து, வாரத்துக்கு ஒருமுறை நடுப்பக்கத்தைத் திறந்து பாருங்கள். மக்கிய வாடை வந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, மறுபடி விரித்து வைக்க வேண்டியதுதான்.